வெயிலில் வீடு காட்டாத புரோக்கர்

வீடு விற்பதைத் தடுப்பதற்காகவே ஒரு வீட்டுப் புரோக்கர் உலகத்தில் உண்டென்றால், அது கொல்லிமலை செம்மேட்டில் இருக்கும் மழைப் புரோக்கர்தான். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மழை பெய்தால்தான் வீடு காட்டுவார். வெயில் நாளில் போய்க் கேட்டால், "வெயில்ல எல்லா ஊடும் நல்ல ஊடுதானுங்க" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார்.

நான் பள்ளிக்கூட வேலைக்காகச் செம்மேட்டுக்கு வந்து வீடு தேடியபோது, பதினோரு நாள் காக்க வைத்தார். பன்னிரண்டாம் நாள், கொட்டுகிற மழையில் பள்ளி வாசலில் குடையோடு நின்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரை முகர்ந்தார். பிறகு என்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, "அசையாதீங்க டீச்சர்" என்றார். என் உச்சந்தலையில் சொட்டு விழுந்தது.

"இதாங்க மொத ஒழுக்கு. இன்னும் ரெண்டு இருக்குது, வாங்க."

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, நீங்க எனக்குப் புரோக்கரா, இந்தம்மாவுக்குப் புரோக்கரா?"

"ஊட்டுக்குங்க."

அதோடு விடவில்லை. பக்கத்து வீட்டில் ஏணி கேட்டு வாங்கி வரச் சொன்னார். கேட்டேன், கொடுத்தார்கள், மழையில் சுமந்து வந்தேன். "ஏணி வேண்டாங்க. கேட்டாக் குடுக்கறாங்களான்னு பாத்தேன். ஊட்ட வாங்கிக்கலாம்" என்றார். ஏணியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். மூன்று ஒழுக்கையும் அடைக்கச் சொல்லி, அந்த வீட்டையே வாங்கினேன்.

போன வருடம் எனக்கு நாமக்கல்லுக்கு மாற்றல் வந்தது. தீபாவளிக்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வீட்டை விற்காமல் அங்கே வீடு வாங்க வழியில்லை. காலம் மாறிவிட்டதே என்று, என் மகள் செல்போனில் வீட்டைப் படம் பிடித்து, வீடு விற்கும் ஆப் ஒன்றில் போட்டாள். பத்துக்குப் பத்துக் கூடம் அதில் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது. விசாரிப்புகள் குவிந்தன. ஒருவர் வீடியோ காலிலேயே மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும் என்றதும் காணாமல் போனார். ஒரு மாதத்தில் வாசலுக்கு வந்தவர் எவருமில்லை.

கேள்விப்பட்டு மழைப் புரோக்கர் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு மகளிடம், "கண்ணு, ஊடு நல்லாச் சிரிக்குது. கொஞ்சம் இருமவும் உடணும்" என்றார்.

மறுநாள் மழை. நான் பள்ளியில் இருந்த நேரம் பார்த்து, அவளைப் படம் பிடிக்க வைத்து வீடு முழுக்க நடந்திருக்கிறார். "இது சமையக்கட்டுங்க. பின்கதவு மழைக்கு ஊதிக்கும். தோள்ல ஒரு இடி இடிச்சாத் தெறக்கும். அலமாரிக்குப் பின்னால எறும்பு. டீச்சர் பவுடர் போட்டுப் பாத்தாங்க, அதுக்கு ஒண்ணும் ஆகல."

வாட்ஸப்பில் அது மலை முழுக்கப் பரவியது. ஆசிரியர் அறையில் என் வீட்டு எறும்புகளை நலம் விசாரித்தார்கள். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள், செம்மேட்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் அழைத்தார்.

"அந்தக் கதவும் எறும்பும் தவிர வேற ஒண்ணும் இல்லீங்களா? அப்படீன்னா வந்து பாக்கறேங்க."

வந்தார். கதவைத் தோளால் இடித்துப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது.

நாமக்கல்லில் மூன்றாம் மாடியில் குடியேறினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்ற வெயிலில், ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு மழைப் புரோக்கர் வந்து நின்றார். சுவரை முகர்ந்தார். குழாய்களைத் திறந்து மூடினார். பால்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

"ஒரு கொறையும் இல்லீங்க டீச்சர்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்மூருக்குத்தான் கொஞ்சம் தூரமாப் போச்சு" என்றார்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அந்த பஸ் மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மேலே ஏறி முடிக்கும் நேரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டே சமைத்தேன். எண்ணி முடித்ததும் போன் செய்தேன்.

"வந்து சேந்துட்டேன் சாமி" என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.