பின்சீட்டு பெல்ட் வந்து சேர்ந்தது

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் வீட்டம்மாள், என் கார் மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் அதற்கு ஒருபடி மேலாகவே இருக்க வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பிய பின்சீட்டு பெல்ட் இரண்டும் கீறலில்லாமல் வந்து சேர்ந்தன. நம் பேத்திக்கு எட்டு வயதாகிறது, இன்னும் ஒருநாள்கூட என் காரில் ஏறியதில்லை. "பின்னாடி பெல்ட் இல்லாத வண்டியில என் பொண்ணு ஏற மாட்டாப்பா" என்று என் மகள், அதாவது தங்கள் மருமகள், ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் கார் செய்தவர்கள் பின்சீட்டில் உட்காருகிறவனும் மனுஷன்தான் என்று யோசிக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? பெற்ற மகளே கதவைச் சாத்திய பிறகு, தாங்கள்தான் ஜன்னலையாவது திறந்துவிட்டீர்கள். இந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பெல்ட்டைச் சும்மா சீட்டோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சீட்டைக் கழற்றி, வண்டியின் தரையில் ஓட்டை போட்டு, அடியில் கனமான தகடு கொடுத்து போல்ட் முடுக்க வேண்டும் என்றார். என் காரில் ஓட்டையா! எனக்குப் பல் பிடுங்கியபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. "சார், பெட்ரோல் டேங்க் இங்கதான் எங்கயோ இருக்கு. கொஞ்சம் பேசாம இருந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். அதன்பிறகு நான் மூச்சுகூட விடவில்லை. மனுஷன் தட்டித் தட்டிப் பார்த்து, இடம் கண்டுபிடித்து, போல்ட்டுகளைக் கச்சிதமாக முடுக்கினார். டீ குடிக்கக் கிளம்பும்போது, "முன்பக்கம் ஏன் சார் இப்படி நசுங்கியிருக்கு?" என்று கேட்டார். எங்கள் தெருவில் சுவர்களுக்கு நிதானம் போதாது என்று விளக்கினேன்.

அவர் திரும்பி வருவதற்குள், கழற்றி வைத்திருந்த சீட்டை நானே எடுத்து மாட்டினேன், அங்கேதான் சனி பிடித்தது. மாட்டி முடித்துப் பார்த்தால் பெல்ட்டைக் காணோம், எல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விட்டன. கையை விட்டுத் துழாவி, அகப்பட்டதை அகப்பட்ட பக்கம் வெளியே இழுத்துப் போட்டேன். சோதித்துப் பார்க்கலாம் என்று வீட்டம்மாளைக் கூப்பிட்டு இருவரும் பின்னால் ஏறி மாட்டிக்கொண்டோம். கிளிக் என்று சத்தம் வந்ததும் எனக்கு உலகத்தையே ஜெயித்தது மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது, என் பெல்ட் அவள் கொக்கியில், அவள் பெல்ட் என் கொக்கியில்.

"இப்ப எப்படிங்க இறங்கறது?"

"பட்டனை அமுக்கு."

"பட்டன் மேல நீங்க உக்காந்திருக்கீங்க."

ஹாரன் அடிக்கலாம் என்றால் அது முன்னால் இருக்கிறது. நான் ஆழம் தெரியாமல் காலை விட்ட கடுப்பில் முனகிக்கொண்டிருக்க, அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வண்டியில நான் நிம்மதியா உக்காந்தது இன்னைக்குத்தான்" என்றாள். வண்டி நின்றுகொண்டிருந்தது என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. டீ குடிக்கப் போனவர் வந்து எங்களைப் பிரித்தெடுத்து, எல்லாவற்றையும் மறுபடி கழற்றிச் சரியாக மாட்டினார். சிரிக்கவில்லை, தெருமுனைவரை அடக்கிக்கொண்டு போயிருப்பார், பெரிய மனசு. அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று, சம்பந்தி! அதற்கும் தங்களுக்குத்தான் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருகிறாள். நான் ஓட்டுவேன், அவள் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். எட்டு வருஷமாக நான் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். தங்கள் குடும்பம் நோய்நொடியில்லாமல் நூறாண்டு வாழ வேண்டும், தங்கள் வண்டி எந்தக் குளிரிலும் ஒரே திருப்பில் கிளம்ப வேண்டும்.

என்றும் தங்கள் கடன்பட்ட
சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. ஞாயிறும் வந்தது. மகள் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், "பிரமாதம்ப்பா" என்றாள், என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். "நான் ஓட்டறேன். அம்மா முன்னாடி. நீங்களும் பாப்பாவும் பின்னாடி. மாமாகிட்ட ரெண்டு பெல்ட் கேட்டதே அதுக்குத்தான்." ஆக, இது மாமனாரும் மருமகளும் சேர்ந்து செய்த சதி! மேலே எழுதிய நன்றி எல்லாவற்றையும் இத்தால் திரும்பப் பெறுகிறேன். பின்னால் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். முதல் திருப்பத்திலேயே பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க தாத்தா, நான் இருக்கேன்ல" என்றாள். வீடு வந்து சேரும்வரை விடவே இல்லை. வண்டி நின்றதும், "இன்னொரு சுத்து போலாமா?" என்று கெஞ்சியது அவள் இல்லை, சம்பந்தி. நான்தான்.