அறுப்பின் பண்டிகையில் பேசிய கேம் போர்டு

பெண் வீட்டார் முன்னால் அசடு வழியாத மாப்பிள்ளை கிடையாது. காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டவன் உண்டு. பெண்ணின் சித்தியைப் பெண் என்று நினைத்து இளித்து வைத்தவன் உண்டு. ஆனால் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ராஜாக்கமங்கலம் வட்டாரம் முழுக்கக் கேட்கும்படி அசடு வழிந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் நடந்தது. நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். பையன்கள் புகைய விட்டதை ஊதி அணைப்பதுதான் வேலை. அந்த வேலைக்கே ஒரு திமிர் இருந்தது எனக்கு. உலகத்தில் ரிப்பேர் ஆன எதையும் என்னால் சரிசெய்ய முடியும் என்று நம்பினேன். (வீட்டு மிக்ஸி என் கைபட்டபின் எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே வேகத்தில்தான் ஓடியது. அதை அம்மா யாரிடமும் சொல்வதில்லை.)

அந்தச் சமயத்தில் கன்னியாகுமரி கடற்கரையில் ஒரு வீடியோ கேம் கடையை மூடினார்கள். காசு போட்டு, நின்றுகொண்டே ஆடும் ஆள் உயர மெஷின்கள் வைத்திருந்த கடை. மெஷின்கள் உடைபட்டுக் கோட்டாறு பழைய இரும்புக் கடைக்கு வந்தன. அவற்றுக்குள் இருந்த சர்க்யூட் போர்டுகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தேன். சாக்கைப் பார்த்த அம்மா புளி வாங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்து முறத்தோடு ஓடி வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கடல்காற்று பட்டுப் பச்சை பூத்துக் கிடந்த போர்டுகள் அவை. முதலில் குளிப்பாட்ட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு, பல் தேய்க்கிற பிரஷ், நிறையத் தண்ணீர். பிறகு மொட்டை மாடியில் தேங்காய்ப் பருப்போடு சேர்த்து வெயிலில் காயப்போட வேண்டும். (பிரஷ் அப்பாவுடையது. அவர் இரண்டு வாரம் பல் டாக்டரிடம் அலைந்தார். வாயில் ஏதோ இரும்பு ருசி அடிக்கிறது என்றார். நான் வாய் திறக்கவில்லை.)

"கருவாடு காயப்போட்டா நாயாவது வரும். நீ காயப்போட்டிருக்கத நாயும் மோந்து பாக்காது, மக்கா" என்று அம்மா சொல்வாள்.

காய்ந்தபின் மீட்டரை வைத்து ஒவ்வொரு செம்புத் தடமாகத் தொட்டுப் பார்ப்பது, உப்பு தின்ற இடத்தில் மெல்லிய ஒயரை வைத்துப் பற்றவைப்பது, நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முகம் தெரியாத வெள்ளைக்காரர்களிடம் சந்தேகம் கேட்பது என்று ஆறேழு மாதம் போனது. ஒரு நாள் ஒரே ஒரு போர்டுக்கு உயிர் வந்தது. இரண்டு தடியர்கள் தெருவில் அடித்துக்கொள்ளும் சண்டை கேம். யாரும் ஆடாமல் விட்டால் அதுவே கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு தானாகச் சண்டை போட்டுக் காட்டும், நடுநடுவே பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் "இன்சர்ட் காயின்" என்று காசு கேட்கும். கடைத்தெருவில் ஆள் பிடிக்கிற உத்தி. அந்தக் குரலை முதன்முதலில் கேட்டபோது நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உண்மையாகவே அழுதேன்.

அந்தப் போர்டில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, சத்தத்தைப் பெரிதாக்கும் பகுதி கருகிவிட்டதால் வெளியே ஏதாவது ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தால்தான் கேட்கும். இன்னொன்று, அணைத்தால் மறுபடி உயிர் வருவது கர்த்தர் சித்தம். அதனால் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அணைக்கக் கூடாது என்பது என் கொள்கை.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் அமைந்தது. அமைந்தது என்பதைவிட, அமைகிற மாதிரி இருந்தது என்று சொல்வதுதான் சரி. பெண் பெயர் ஷைனி. அப்பா சாலமோன், கருங்கல் பக்கம். பஹ்ரைனில் நிறைய வருஷம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். அதற்கு முன் இரண்டு பெண் வீட்டார் என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, சாயாவைக்கூடக் குடிக்காமல் போயிருந்தார்கள். அம்மா மிகவும் நொந்து போயிருந்தாள். இதுவும் தட்டிப்போனால் இனி யாரிடமும் போய் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கும் பயம்தான். போட்டோவில் ஷைனி, யாரையோ கேலி செய்து முடித்துவிட்டு அவசரமாக முகத்தைச் சரிசெய்துகொண்ட மாதிரி இருந்தாள். அந்த போட்டோவை மல்டிமீட்டர் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எனக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

சாலமோன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வீட்டுக்கு வந்து பலகாரம் தின்று பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. பையன் சர்ச்சில் எப்படி இருக்கிறான் என்று பார்த்தால் போதும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஞாயிறு எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை.

அன்று ஒவ்வொரு வீடும் தன் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து வைக்கும். தேங்காய், மட்டிப்பழக் குலை, மரச்சீனிக் கிழங்கு, கால் கட்டிய கோழி என்று சர்ச் வராந்தா நிறைந்துவிடும். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலம். கொண்டுவந்த பொருள் ஏலம் போகாமல் வீடு திரும்பினால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு. அம்மா எனக்காக நல்ல செந்துளுவன் வாழைக்குலை ஒன்று பார்த்து வைத்திருந்தாள்.

"குலை எல்லாரும்தான் கொண்டு வருவாவ. என் கையால செஞ்சத நான் வைக்கேன்" என்றேன்.

"அவிய மாப்பிள பாக்க வாறாவ. பொருட்காட்சி பாக்க வரல்ல."

"மாப்பிளைக்கு மூளை உண்டுன்னு தெரியட்டும்."

"அது தெரிஞ்சிரப்பிடாதுன்னுதான் குலை வாங்கி வச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

நான் கேட்கவில்லை. பழைய டிவி ஸ்டாண்டையும் ஒரு கலர் டிவியையும் வைத்து மெஷின் செய்து, விடியற்காலையிலேயே சர்ச் வராந்தாவில் கோழிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். சத்தத்துக்கு? அங்கேதான் மைக்செட் ராஜமணி அண்ணனின் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. பண்டிகை என்றால் மைக்செட்டுக்குத் தனி ஜெனரேட்டர். அதிலேயே மெஷினுக்கும் கரண்ட் எடுத்துக்கொண்டேன். கர்த்தர் சித்தம், போர்டுக்கு உயிர் வந்தது, அணைக்காமல் ஓடவிட்டேன்.

"ஏலம் தொடங்குகதுக்கு முன்னால சத்தம் கேட்டுது, கைய ஒடிச்சிருவேன் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் சாயா குடிக்கப் போனார்.

நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து, காலியாக இருந்த துளையில் என் ஒயரைச் செருகினேன். இடது ஓரம். முன்னால் வந்தேன். குமிழ்களுக்கு மேல் எழுதியிருந்ததெல்லாம் அழிந்து போயிருந்தது. அதனால் என்ன, என்னுடையது இடது ஓரம்தானே. இடது ஓரத்துக் குமிழைத் திருகிப் பூஜ்யத்தில் வைத்தேன். பின்னால் நின்று பார்க்கும்போது இடது எதுவோ அது முன்னால் வந்தால் வலது என்பதை முதலாம் ஆண்டுப் பையன்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பவன் நான். நான் பூஜ்யத்தில் வைத்தது பலிபீடத்து மைக்கை. என் கேமுக்கு உரிய வலது ஓரத்துக் குமிழ், அந்தத் துளை காலியாக இருந்ததால், முன்பே பூஜ்யத்தில் கிடந்தது.

ஆராதனை தொடங்கியது. சாலமோன் மூன்றாவது வரிசையில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் ஷைனி. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் பாடினேன், தலையைக் குனிய வேண்டிய இடத்தில் மற்றவர்களைவிட அதிகமாகக் குனிந்தேன். சாலமோன் கவனிப்பது தெரிந்தது. அம்மாவின் முகம் மெதுவாகத் தெளிந்துகொண்டு வந்தது.

காணிக்கை நேரம். அதுவரை பிரசங்க பீடத்தில் இருந்த போதகர் பலிபீடத்துக்கு நகர்ந்து அங்கிருந்த மைக்கில் பேசினார். சத்தமே வரவில்லை. தட்டினார். ஊதினார். வராந்தா பக்கம் பார்த்தார். ராஜமணி அண்ணன் சாயாக் கடையில். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாலமோனும் பார்த்தார்.

கர்த்தர் எனக்காகவே திறந்த வாசல் என்று நினைத்தேன். எழுந்தேன். ஓடவில்லை, நிதானமாக நடந்தேன், இன்ஜினியர் நடை. இடது ஓரம் என் கேம், ஆகவே பலிபீடத்து மைக் வலது ஓரம் என்று கணக்குப் போட்டேன். வலது ஓரத்துக் குமிழைக் கடைசிவரை திருகினேன். கேம் அப்போது சும்மா இருக்கும் நேரம், அதனால் எந்தச் சத்தமும் இல்லை. போதகரைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று கைகாட்டிவிட்டு, அதே நடையில் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மைக் இன்னும் பேசவில்லை. போதகருக்கோ மைக் தேவைப்படாத தொண்டை. அவர் மைக்கை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நின்று கேட்டார்.

"பிரியமானவர்களே, கர்த்தர் இன்றைக்கு உங்களிடம் கேட்பது என்ன?"

கேட்டுவிட்டு, சபை யோசிக்கட்டும் என்று நிறுத்தினார்.

"இன்சர்ட் காயின்."

தென்னை மரத்து ஸ்பீக்கர் சொன்னது. சர்ச்சுக்கு உள்ளே இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளும் சொன்னன. பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று சட்டைப்பையைத் துழாவினார். அதற்குள் தடியர்கள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். குத்து, உதை, எலும்பு முறிகிற சத்தம், "ஆ" என்று ஒரு மரண ஓலம், அதைத் தொடர்ந்து ஒரு பேய்ச் சிரிப்பு. வராந்தாவில் கோழிகள் மொத்தமாகக் கத்தின.

இந்த முறை ஓடினேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒயர் இருந்தது. உருவத் தோன்றவில்லை. குமிழ் இருந்தது. திருகத் தோன்றவில்லை. சுவரில் மெயின் சுவிட்ச் தெரிந்தது. அதை இழுத்துவிட்டேன். சர்ச்சில் அத்தனை ஃபேனும் அத்தனை லைட்டும் நின்றன. ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த மைக்செட்டும் என் மெஷினும் மட்டும் நிற்கவில்லை. ஃபேன் இரைச்சலும் போய்விட்டதால் அடி உதை முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது.

அப்போது ஒரு கை நீண்டு வந்து ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரை உருவியது. ஷைனி. அமைதி திரும்பியது. நான் பூமி பிளக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அவள் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, என்னிடம் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"இதுல பச்ச பேன்ட் போட்ட ஆளு உண்டா?"

"உண்டு."

"ரெண்டு பேரு ஆடலாமா?"

"ஆடலாம். ரெண்டாவது ஆளுக்க உதை பட்டன் மட்டும் கொஞ்சம் ஒட்டும்" என்றேன்.

உள்ளே போதகர், ஊழியத்தில் பழுத்தவர், சிரிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். "கேட்டது காதில் விழுந்ததல்லவா? அப்போ போடுங்க." அன்றைக்கு விழுந்த காணிக்கை அதற்கு முன் விழுந்ததில்லை என்று பொருளாளர் பின்னால் சொன்னார். எனக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் சாலமோன் அம்மாவிடம் வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பையனுக்கு இது ஜோலியா, சூக்கேடா?" (சூக்கேடு என்றால் எங்கள் பக்கம் வியாதி.)

"ஜோலி பாலிடெக்னிக்ல. இது சும்மா ஒரு..." என்று அம்மா இழுத்தாள்.

"நான் ஒரு காரியம் சொல்லட்டா? பஹ்ரைன்ல வெள்ளிக்கிழமை ஆனா எனக்கு ஒரே வேலையாக்கும். மால்ல இந்த எளவு மெஷினுக்க முன்னால இருந்து எனக்க மோள பிடிச்சு இழுத்துட்டு வாறது. இதுல இருந்து பிரிக்கணும் எண்ணுதான் ஊருக்கே கொண்டு வந்தேன். இஞ்ச வந்தா, இத வீட்டுலயே உண்டாக்குகவனுக்குக் கட்டிக் குடுக்கச் சொல்லுதிய."

"அப்பம், இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லுதியளா?"

சாலமோன் வராந்தாவைப் பார்த்தார். ஷைனி மெஷின் முன்னால் நின்று, ஒட்டுகிற பட்டனை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"மோளே, வா போவோம்."

"ஒரே ஒரு ஆட்டம் அப்பா. அந்த ஆள வரச் சொல்லுங்க" என்றாள்.

"இந்த ஒரே ஒரு ஆட்டத்தத்தான் அவளுக்குப் பன்னெண்டு வயசுல இருந்து கேக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னார் சாலமோன். அவர் குரலில் கோபம் தீர்ந்து போயிருந்தது.

நான் ஆடினேன். என் கையால் உயிர் கொடுத்த மெஷினில், என் சபையார் முன்னிலையில், உதை பட்டன் ஒட்டுகிற பக்கத்தில் நின்ற பெண்ணிடம் படுகேவலமாகத் தோற்றேன். அதற்குள் ஏலம் தொடங்கியிருந்தது. குலைகளும் கோழிகளும் போயின. மெஷின் முறை வந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சாலமோனே கேட்டு எடுத்தார். வெளியே விட்டால் இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கெடுக்குமோ என்று காரணமும் சொன்னார். எட்டு மாதம் கழித்துக் கட்டில், பீரோ, பாத்திரங்களோடு அதே மெஷின் கல்யாணச் சீராக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அம்மா ஆரத்தித் தட்டு இல்லாத குறைக்கு மெஷினை முறைத்து வரவேற்றாள்.

பல வருஷம் கழித்து எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. முதல் ஞாயிறே காணிக்கை நேரத்தில், கர்த்தர் உங்களிடம் கேட்பது என்ன என்று கேட்டு நிறுத்தினார். சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. இவன் சபையே நம்பியிருக்கும் பக்திமான் போல என்று அவர் நினைத்துக்கொண்டு, மறுவாரம் முதல் காணிக்கைப் பை எடுக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பையோடு வரிசை வரிசையாகப் போகிறேன். ஷைனி உட்கார்ந்திருக்கும் வரிசைக்கு வந்ததும் பை நின்றுவிடும். அவள் காசைப் பைக்கு மேலே பிடித்துக்கொண்டு, முகத்தைப் பரிசுத்தமாக வைத்துக்கொண்டு, என்னையே பார்ப்பாள். பக்கத்தில் என் மகளும் அதே மாதிரி காசைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். நான் குனிந்து, அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால்தான் காசு விழும்.

சொல்கிறேன்.