வெள்ளிக்கிழமைப் பக்கம்

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். சௌக்கியம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேன். இன்று வியாழன் சாயங்காலம் வரைக்கும்தான் அதற்கு நான் பொறுப்பு.

நீ பிடித்த பிடியில் இந்த நூற்றுப் பதினான்கு கிலோவையும் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன் அல்லவா, அவர் மருந்து மாத்திரை எதுவும் தராமல், தட்டில் பாதி காய்கறி, டிவி முன்னால் சாப்பாடு கூடாது, தினம் அரைமணி நடை என்று சொல்லி, தின்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். “மறைக்காம எழுதுங்க ஐயா, நான் திட்டமாட்டேன்.” திட்டமாட்டேன் என்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம். முப்பத்துநாலு வருஷம் ஆபீசில் நகல் எழுதியே ரிடையர் ஆனவன், சொந்தமாக ஒரு வரி எழுதியறியேன். வாராவாரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் கட்டம்போட்ட சட்டைக்காரர் நோட்டை வைத்துவிட்டு எடை பார்க்கப் போனார். அதைப் பார்த்து எழுதிவிட்டேன்.

தின்றது கேக், எழுதியது வெள்ளரிக்காய். ஆனால் வாரம் இரண்டு கிலோ குறைந்தது! டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல், நான் தராசில் இன்னொரு தடவை ஏறிப் பார்த்தேன். இந்தத் திங்கட்கிழமை பார்த்தால் சட்டைக்காரர் நோட்டில் வியாழன்வரை முன்கூட்டியே எழுதியிருக்கிறது. பழகின கை, அதையும் எழுதிவிட்டது. ‘செவ்வாய்: நடையில் செருப்பு அறுந்தது.’ அறுந்தது. ‘புதன்: தட்டு உடைந்தது.’ உடைந்தது. “நோட்டுல எழுதினதுக்காக நான் உடைக்கலீங்க, வழுக்கிடுச்சு”ன்னு உன் அண்ணி அழுதாள். ‘வியாழன்: பசியில்லை.’ இன்னிக்கு மத்தியானம் கேக் முன்னாடி உட்கார்ந்தேன், அறுபத்திரண்டு வருஷத்துல முதல்தடவையா பசியே இல்லை. அண்ணி என் நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு உள்ளே போயிட்டா. அடுத்த பக்கத்துல ‘வெள்ளி’ன்னு தலைப்பு மட்டும்தான், கீழே வெறும் வெள்ளை. எனக்குச் சாகப் பயமாயிருக்கு தங்கச்சி.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். மாப்பிள்ளை தொந்தியைக் கவனிக்கட்டும். எல்லாரும் என் பங்கு ஆயுசையும் சேர்த்து இருங்கள்.

உன் அண்ணன்.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது வாசல் மணி அடித்தது. கட்டம்போட்ட சட்டைக்காரர், கையில் நோட்டு. “சார், வெள்ளிக்கிழமைக்கு என்ன எழுதியிருக்கீங்க?” என்றார். “உங்களைப் பார்த்துத்தானே நான் எழுதுறேன்!” என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “நீங்க எடை பார்க்கப் போறப்ப உங்க நோட்டைப் பார்த்துத்தான் சார் நான் எழுதுறேன்.” அப்படியானால் முதலில் எழுதியது யாரென்று இருவருக்கும் தெரியவில்லை. இப்போது மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். பேனா தொட இரண்டு பேருக்கும் தைரியமில்லை. இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நீயே ஒரு வரி எழுதி அனுப்பம்மா, ‘வெள்ளி: காலையில் இருவரும் எழுந்தார்கள்’ என்று. கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதிக்கொள்கிறோம்.