பின்மண்டை இல்லாத பெரியவர்

மனித குலம் தலைக்காகச் செய்த மகத்தான காரியங்கள் மூன்று. முதலாவது தலையணை. இரண்டாவது குடை. மூன்றாவது, மூச்சுக்கருவியின் முகமூடியை மூக்கை விட்டு நகராமல் பிடித்துவைக்கும் தலைப்பட்டை. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று தெரியாது. கூட்டம் போட்டுக் குறிப்பு எழுதி வைக்காத சோம்பேறிகள். மூன்றாவது அப்படியல்ல. அதற்குப் பதினாறு கூட்டங்களும் ஒரு விழாவும் நடந்தன. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். ஆகவே நான் சொல்வது சரித்திரம்.

எனக்கு ஒரு கௌரவமான வியாதி. தூங்கினால் மூச்சு நின்றுவிடும். விழித்திருக்கும்போது மூச்சும் நிற்காது, பேச்சும் நிற்காது என்பாள் என் மனைவி. டாக்டர் ஒரு கருவி எழுதிக் கொடுத்தார். செருப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்குக்கு ஒரு முகமூடி. அதைத் தலையோடு கட்டிவைக்க இரண்டு பட்டைகள். பெட்டி காற்றை ஊதும், நான் உயிரோடு இருப்பேன். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் நான் ஒருக்களித்துப் படுத்தால் பின்கழுத்துப் பட்டை மேலே ஏறும். முகமூடி நெற்றிக்குப் போய்விடும். அதன்பிறகு பெட்டி என் புருவத்துக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும். என் புருவங்கள் இன்றைக்கும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கின்றன.

அப்போதெல்லாம் என் மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்து என்னை இவ்வுலகுக்குத் திருப்பி அழைப்பாள். இரவுக்கு இருபது இடி. மூன்று மாதமாக அவளுக்குத் தூக்கம் கிடையாது. குழம்பில் உப்புக்குப் பதில் சோப்புத்தூள் போட்டாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, முன்பின் தெரியாத ஒருவர் தோளில் சாய்ந்து இரண்டு நிறுத்தம் பயணம் செய்தாள்.

“என்னங்க, என் உடம்பு இனிமே தாங்காது. என்னைக்காவது நான் அசந்துட்டேன்னா அன்னைக்கு உங்க கதை முடிஞ்சுது” என்றாள்.

“அப்படி ஆச்சுன்னா நீ ரொம்ப வருத்தப்படாதே.”

“வருத்தம் கிடக்கட்டும். முதல்ல அந்தக் கம்பெனிக்காரனுக்கு எழுதுங்க.”

வாரம் தவறாமல் எழுதினேன். ஒன்பதாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. ‘தலைப்பட்டை சுகம் மற்றும் நிலைத்தன்மை மேம்பாட்டுக் குழு’வில் என்னைப் ‘பயனாளர் பிரதிநிதி’யாக நியமித்திருந்தார்கள். கழுத்தில் மாட்டப் பட்டையோடு ஓர் அடையாள அட்டையும் தந்தார்கள். அந்த நிறுவனம் செய்த பட்டைகளிலேயே நழுவாதது அது ஒன்றுதான்.

கூட்ட அறையில் நீள மேஜை. நிர்வாக இயக்குநர், வடிவமைப்பாளர், அளவை அதிகாரி, தலையாட்டுவதற்கென்று ஆறு பேர். மேஜை நடுவே, ஒரு பலகையில் பொருத்திய, மாக்கட்டியில் வார்த்த பொம்மைத் தலை.

“இவர்தான் பெரியவர்” என்று நிர்வாக இயக்குநர் பயபக்தியோடு அறிமுகம் செய்தார். “பத்து வருஷமா எல்லாப் பட்டையையும் இவருக்குத்தான் மாட்டிப் பார்க்கிறோம். இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லை.”

எழுந்து பெரியவருக்கு வணக்கம் சொன்னேன். வயதில் மூத்தவன் நான்தான் என்றாலும் பதவியில் அவர் மூத்தவர். போகிற போக்கில் பின்பக்கமும் எட்டிப் பார்த்தேன். முகம் இருந்தது, காது இருந்தது. காதுக்குப் பின்னால் நேராகப் பலகை.

“சார், பெரியவருக்குப் பின்மண்டையைக் காணோமே?”

ஆறு தலைகளும் ஆட்டத்தை நிறுத்தின. அளவை அதிகாரி தொண்டையைச் செருமினார். “மூக்குக் கண்ணாடிக் கடையில வாங்கினது சார். சுவர்ல மாட்டுற மாடல். முகமூடி முகத்துலதானே இருக்கு? பின்மண்டை எதுக்கு?”

“பட்டையை எதுல மாட்டுறீங்க?”

“பலகையிலதான். ரெண்டு பக்கமும் ஸ்குரூ போட்டு முடுக்கிருக்கோம். பூகம்பமே வந்தாலும் அசையாது.”

“எனக்கு ஸ்குரூ போட முடியாதே சார்.”

வடிவமைப்பாளர் சட்டென்று பேனாவை எடுத்தார். “நல்ல யோசனை. அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்.”

பிறகு அளவை அதிகாரி என் தலையைப் பெரியவரின் தலையோடு ஒப்பிட்டு அளந்தார். எனக்குப் பின்பக்கம் ஏழு சென்டிமீட்டர் கூடுதல். ‘பயனாளர் தரப்புக் குறைபாடு’ என்று குறிப்பேட்டில் ஏறியது. அத்தனை வயதுக்குமேல் என் தலையில் ஏதோ கூடுதலாக இருப்பதாக ஒருவர் எழுத்தில் கொடுத்தது அதுவே முதல் தடவை.

“அதுசரி, தூக்கத்துல எதுக்கு சார் திரும்புறீங்க?” என்று கேட்டார் நிர்வாக இயக்குநர்.

“தெரியாமத் திரும்புறது சார்.”

“தெரியாம ஒரு காரியத்தைச் செய்யலாமா? பெரியவர் திரும்புறாரா, பாருங்க.”

பார்த்தேன். திரும்பவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் மூன்றாவது பட்டை வந்தது. ஆறாவது கூட்டத்தில் ஐந்தாவது. பத்தாவது கூட்டத்தில் ஏழு பட்டை, நாலு கொக்கி, ஒரு கையேடு. வீட்டில் என் மனைவி கையேட்டைப் பார்த்துப் பார்த்து என்னைக் கட்டி முடித்தபோது, முகவரி எழுதி ஒட்டினால் தபாலில் அனுப்பலாம் போலிருந்தேன். அப்படியும் ஒரே புரளலில் ஏழு பட்டையும் ஒற்றுமையாக உச்சந்தலைக்குக் கிளம்பின. ஆனால் பெரியவர் தேறிவிட்டார். சுகத்துக்கு நூற்றுக்கு நூறு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். “முகத்தைப் பாருங்க, சிரிக்கிறார்” என்றார் அளவை அதிகாரி. கண்ணாடிக் கடையிலேயே வார்த்துக் கொடுத்த சிரிப்பு அது.

பதினொன்றாவது கூட்டத்தின்போது, கீழ்த்தளத்தில் பட்டை தைக்கிற தையல்காரம்மா புது மாதிரியைக் கொடுக்க மேலே வந்தார். என் கன்னத்தில் பதிந்திருந்த தடங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

“கொஞ்சம் திரும்புங்கய்யா” என்று பின்மண்டையில் கை வைத்துப் பார்த்தார். “பட்டை கழுத்துல உட்காருது. கழுத்து வளையும், பட்டை ஏறும். மண்டை வளையுமா? இந்த மேட்டுக்கு அடியில அகலமா, மெத்துன்னு, கிண்ணம் மாதிரி ஒரு துணி வச்சுப் பிடிச்சா நீங்க எப்படிப் புரண்டாலும் அங்கயே கிடக்கும். ரெண்டு பட்டை போதும். ஏழு எதுக்கு, ஓடியா போகப்போறீங்க?”

நிர்வாக இயக்குநர் கனிவோடு சொன்னார்: “அம்மா, நீங்க தைங்க. யோசிக்கிறதுக்குக் குழு இருக்கு.”

ஆனாலும் நான் பிரதிநிதி அல்லவா? ஐந்து கூட்டம் நச்சரித்தேன். பதினாறாவது கூட்டத்தில் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. மத்தியானம் இரண்டு மணி. கூட்ட அறைச் சோபாவில், தையல்காரம்மாவின் துணிக்கிண்ணத்தை மாட்டிக்கொண்டு படுத்தேன். இடிப்பதற்கு என் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை அதிகாரிகள் முன்னிலையில் தூங்குவது எனக்குப் புதிதல்ல. நானும் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவன்தான்.

இடப்பக்கம் புரண்டேனாம். வலப்பக்கம் புரண்டேனாம். குப்புறப் படுத்து ஒரு தடவை சோபாவிலிருந்து உருண்டும் விழுந்தேனாம். முகமூடி மூக்கிலேயே இருந்திருக்கிறது. என் மனைவி கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு முழங்கையை மடக்கி மேஜைமேல் வைத்து, அதன்மேல் தலை வைத்தாள். அத்தனை மாதத் தூக்கம். நாலு மணிக்கு அவளை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அளவை அதிகாரி முடிவை வாசித்தார்: “முகமூடி ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. ஆயினும் சோதனை செல்லாது.”

“ஏன் சார்?”

“பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ‘சுகமாக இருக்கிறதா’ங்கிற படிவத்தை நீங்க நிரப்பணும். ஒண்ணுகூட நிரப்பலையே?”

“தூங்கிட்டேன் சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?”

இருந்தாலும் நியாயம் தவறக்கூடாது என்று துணிக்கிண்ணத்தைப் பெரியவருக்கும் மாட்டிப் பார்த்தார்கள். பிடித்து நிற்கப் பின்மண்டை இல்லாததால் அது வழுக்கித் தொப்பென்று விழுந்தது. ‘நிலைத்தன்மை போதாது, நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஏழு பட்டைத் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே வரும்போது தையல்காரம்மா அந்தத் துணிக்கிண்ணத்தைச் சுருட்டி என் மனைவியின் பைக்குள் போட்டார். “கழிவுத் துணிம்மா. வீட்டுல ஏதாவது துடைக்க வச்சுக்குங்க.”

அன்றிலிருந்து நான் தூங்குகிறேன், அவளும் தூங்குகிறாள். குழம்பு நுரைப்பதில்லை. நானும் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதம் ஏழு பட்டைக்கு வெற்றி விழா. பிரதிநிதி என்பதால் எனக்கு முன்வரிசை; பக்கத்தில் என் மனைவி. நிர்வாக இயக்குநர் மேடையில் நெஞ்சை நிமிர்த்தினார்.

“முதல் வருஷம் நானூறு பேர் பட்டை நழுவுதுன்னு புகார் எழுதிக்கிட்டே இருந்தாங்க. அடுத்த வருஷம் அவங்கள்ல நூற்றைம்பது பேர்தான் எழுதினாங்க. போன வருஷம் இருபது. இந்த வருஷம் அவங்கள்ல ஒருத்தர்கூட இல்லை; புதுசா ஒரே ஒருத்தர். இதோ, இந்த ஐயா. இவரும் போன மாசத்தோட நிறுத்திட்டார்!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் எழுந்து கும்பிட்டேன். என் மனைவி மட்டும் தட்டவில்லை. ஒரு மாதம் நன்றாகத் தூங்கியவள், மூளை தெளிவாக இருந்தது. எழுந்து நின்றாள்.

“இவர் ஏன் நிறுத்தினார்னு எனக்குத் தெரியும் சார். மத்தவங்கல்லாம் ஏன் நிறுத்தினாங்க?”

“திருப்திதாம்மா, வேறென்ன? எல்லாரும் நிம்மதியாத் தூங்குறாங்க. ஒருத்தர்கிட்ட இருந்தும் ஒரு சத்தம் இல்லை.”

“சரி சார்” என்றாள் அவள். “காலையில எந்திரிச்சாங்களான்னு யாராச்சும் போய்ப் பார்த்தீங்களா?”