கால் முடிஞ்சா காது

கல்முனையில் வரிக்காரரிடம் தப்பிய கிழவர்கள் உண்டு, பொலிஸாரிடம் தப்பியவர்களும் உண்டு. காது மிஸ்ஸிடம் தப்பிய கிழவர் ஒருவரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் காது மிஷினைக் கொடுப்பதோடு அவருடைய வேலை முடிய வேண்டும். மிஸ்ஸோ காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வீடு வீடாக வந்து, "போடுறீங்களா?" என்று விசாரிப்பார். போடாதவர் வீட்டில் பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, போடும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார்.

அரிசி மில்லின் சத்தத்தில் காதைத் தொலைத்தவர் என் வாப்பா. ஸ்கூட்டியைத் தெருமுனையில் கண்டதும் மிஷினைச் சீனி டின்னுக்குள் போட்டு மூடினார். நிறுத்தாமல் மூடினால் அது விசிலடிக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மிஸ் நேரே குசினிக்குப் போய் டின்னோடு வந்தார்.

"ஏன் ஹாஜியார் போடுறீங்க இல்ல?"

"அஞ்சு நேரத் தொழுகைக்கும் கை கால் கழுவி வுளு எடுக்கிறன் மிஸ். காது தடவக் கழட்டணும். மறுகா எங்க வெச்சனெண்டு தேடணும். ஏலாது."

அந்த நேரம்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் சரிவந்தது. நிக்காஹ் சபையில் மகளைக் கொடுக்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டியவர் வாப்பா. "காக்காக்கு ஒண்டும் கேக்காது. பள்ளிவாசல்ல சிரிப்பாப் போகும். அவர்ட பேரில நானே குடுக்கிறன்" என்றார் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா. வாப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். ஒருவருக்கும் சொல்ல மனம் வரவில்லை. அன்றும் வந்திருந்த மிஸ்தான் அவருக்கு எதிரே குந்தி, சாச்சா சொன்னதை வாயசைவு தெரிய நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வாப்பாவின் முகம் சிவந்தது. "எண்ட புள்ளய நான்தான் குடுப்பன். மிஷினத் தாங்க மிஸ்."

மிஸ் கோயிலுக்குப் போகிறவர். வுளுவின் ஒழுங்கை உம்மாவிடம் கேட்டுப் பாடமாக்கி, குழாயடியில் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பழக்கினார். "தண்ணி திறக்க முந்தி மிஷின் சட்டைப் பைக்குள்ள. காலக் கழுவி முடிஞ்சா, காதத் துடைச்சிட்டு மிஷின். சொல்லுங்க ஹாஜியார், கால் முடிஞ்சா காது."

வாப்பா முணுமுணுத்துக்கொண்டே பழகினார். ஆனால் கல்யாண ஜுப்பாவில் பை இருக்காது என்று மிஸ்ஸும் யோசிக்கவில்லை.

நிக்காஹ் அன்று பள்ளி நிறைந்திருந்தது. வாப்பா வுளு எடுத்துவிட்டு வந்து மாப்பிள்ளைக்கு முன்னால் அமர்ந்தார். மௌலவி மைக்கைப் பிடித்து, "ஹாஜியார், தொடங்குவமா?" என்றார். மைக் அவருடைய வாயை மறைத்தது. வாப்பா விழித்தார். அவருடைய காதில் மிஷின் இல்லை.

மௌலவி திரும்பக் கேட்டார். சாச்சா முழங்காலால் முன்னுக்கு நகர்ந்தார். அதோடு மைக்கில் 'கீ' என்று ஒரு சத்தம். சபையே தன் தன் போனைத் தடவியது. அதன் பிறகுதான் என்னுடைய போன் அடித்தது.

எங்கள் வீட்டிலிருந்து மிஸ். பள்ளி ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறார்.

"தம்பி, அது மிஷின்ட சத்தம். எதுக்குள்ளயோ மூடிக் கிடக்கு. தேடுங்க."

ஜுப்பாவைத் தடவினேன். பிறகு தொப்பியைத் தூக்கினேன். வாப்பாவின் உச்சந்தலையில் இருந்தது மிஷின்.

மாட்டிவிட்டேன். வாப்பா தன் வாயாலேயே தங்கச்சியைக் கொடுத்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்ட சொல்லையும் தன் காதாலேயே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டு வாசலிலேயே மிஸ் பிடித்துக்கொண்டார். "கால் முடிஞ்சா என்ன ஹாஜியார்?"

"சபையக் கண்டதும் மறந்துட்டன் மிஸ். ஏசுங்க. இண்டைக்கு நல்லாக் கேக்குது."

பிறகு மிஸ் இடமாற்றமாகிப் போய்விட்டார். இப்போதும் தெருவில் ஏதாவது ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால், எங்கள் வீட்டில் முதலில் எழும்பி வாசல் படலைக்குப் போய்ப் பார்ப்பவர் வாப்பாதான்.