பதினோரு நிமிட ஊர்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கே நீங்கள், உங்கள் மனைவி, குழந்தைகள், உங்கள் கட்டடத்து லிஃப்ட் எல்லாரும் பழுதில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் பத்தாம் தேதி காலை ஒன்பது இருபதுக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எங்கள் சோபாவை விற்பதில்லை என்று முடிவெடுக்கப்பட்டது. ஆலோசனையில் இருவர் கலந்துகொண்டோம். அடுப்பில் பால் பொங்கியதால் ஒருவர் பாதியில் வெளிநடப்பு செய்தார்; எனவே முடிவு ஏகமனதானது. இதை ஏதோ தட்டுமுட்டுச் சாமான் விஷயம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. சோபாவின் நீளம் ஏழடி. நிமிர்த்தி நிறுத்தினாலும் உங்கள் லிஃப்ட்டுக்குள் கால் அடி இடிக்கும். படிக்கட்டில் ஏற்றினால் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும்; போன தடவை வந்தபோது நூல் பிடித்து அளந்து பார்த்திருக்கிறேன். ஆகவே சோபா வராது. சோபா வராத இடத்துக்கு நான் வருவது முறையல்ல. உங்கள் எதிர் ஃபிளாட்டை எங்களுக்காகப் பிடித்து வைத்திருப்பதற்கு நன்றி சொல்லி, அது வேண்டாம் என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம். "அத்தான், வர்றீங்களா இல்லையா? மாசக் கடைசிக்கு மேல வீட்டுக்காரர் பொறுக்க மாட்டார்" என்று நீங்கள் போனில் மூன்று முறை கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

முடிவு அவசரத்தில் எடுத்ததல்ல என்பதை நீங்கள் அறிய வேண்டும். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் கால அட்டவணை போட்டவன் நான். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். உங்கள் பெருநகரமா, இந்தக் கல்லூரி ஊரா என்ற கேள்வி வந்தது. மற்றவர்கள் ஊரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். நான் நிறுத்துக் கடிகாரம் எடுத்துக்கொண்டு இரண்டு ஊரிலும் தலா ஒரு வாரம் தங்கி, டாக்டர், காய்கறிக் கடை, நூலகம், மருந்துக் கடை எல்லாவற்றுக்கும் வாசலிலிருந்து எத்தனை நிமிடம் என்று குறித்தேன். உங்கள் வீட்டில் தங்கிய வாரம் டாக்டரிடம் போக முதல் நாள் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. நான்காம் நாள் அதே டாக்டருக்கு, அதே வழியில், ஒரு மணி முப்பத்து நான்கு நிமிடம். டாக்டர் இடம் மாறவில்லை, நானும் மாறவில்லை. இப்படிப்பட்ட ஊரில் அட்டவணை போடுபவர் எதை நம்பிச் சோறு தின்பார் என்று யோசித்துப் பார்த்தேன், இரக்கமாக இருந்தது. உங்கள் வாசல் காவலாளி வேறு ஏழு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "யாரைப் பாக்கணும் பெரியவரே?" ஏழாம் நாள் எனக்கே பதில் சந்தேகமாகிவிட்டது.

உங்கள் அக்கா இந்த முறையை ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "டாக்டர் வீட்டுக்கு எத்தனை நிமிஷம்னு பாத்தீங்க, சரி. பேச ஆள் இருக்கான்னு பாத்தீங்களா?" என்றாள். "முப்பத்தொரு வருஷமா காலைல எட்டரைக்குப் போனா சாயங்காலம்தான் வருவீங்க, ஏதோ ஓடிச்சு. இனிமே பொழுது முழுக்க நீங்களும் நானும் அந்தக் கடிகாரமும்தான். எனக்கு என் தம்பி பக்கத்துல இருக்கணுங்க. இல்லன்னா பைத்தியம் பிடிச்சிடும்." இதை நான் நோட்டில் 'இதர குறிப்புகள்' என்ற தலைப்பில் பதிவு செய்துகொண்டேன்.

கல்லூரி ஊரில் தங்கிய வாரமோ வேறு மாதிரி. எல்லாமே பதினோரு நிமிடத்துக்குள். தெருவில் ஆள் இல்லை. நூலகத்தில் நானும் நூலகரும் மட்டும், அவரும் தூங்கினார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இத்தனை பெரிய கல்லூரி இருந்தும் இவ்வளவு ஒழுக்கமான மாணவர்களா என்று வியந்து, அன்று மாலையே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைப் பேசி முடித்தேன். கல்லூரிக்கு அப்போது விடுமுறை. நாங்கள் ஊருக்குள் வந்த பஸ்ஸின் அட்டவணையில், மேல் மூலையில், சிவப்பு மையில், 'விடுமுறைக் காலத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்ததாக உங்கள் அக்கா பிற்பாடு சொன்னாள். அப்படிச் சிவப்பு மையில் அச்சிடும் வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். பயணிகள் யாரும் அதைப் படிப்பதில்லை என்று பணியில் இருந்தபோது பலமுறை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்.

நாங்கள் சாமான் இறக்கிய ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கல்லூரி திறந்தது. எட்டேகாலுக்குத் தெருவில் நாலாயிரம் பேர் இருந்தார்கள். காய்கறிக் கடைக்குப் போன நான் கூட்டத்தோடு கூட்டமாக வேதியியல் வகுப்பின் வாசல் வரை போய்விட்டேன். ஒரு பேராசிரியர் என்னைப் புதிதாக வந்த துறைத் தலைவர் என்று நினைத்து, தன் அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று புகார் சொன்னார், கவனிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நூலகத்தில் உட்கார இடமில்லை, டீக்கடைக்காரர் என்னைக் கண்டு எழுந்திருப்பது இருக்கட்டும், நிமிர்ந்தே பார்ப்பதில்லை, டாக்டருக்குப் போக இருபத்தாறு நிமிடம் ஆகிறது. இவையெல்லாம் சிறு ஏற்ற இறக்கங்கள். சராசரி எடுத்தால் ஊர் இன்னும் நல்ல ஊர்தான்.

மேல்மாடியில் ஐந்து மாணவர்கள் குடிவந்தார்கள். கல்லூரி நாடகக் குழுவாம். நாடகத்தின் வில்லன் தினமும் மதியம் இரண்டேகாலுக்குச் சாகிறான். சரியாக என் நாற்காலிக்கு மேலே விழுகிறான். இந்த ஊரில் நேரம் தவறாமல் நடப்பது அந்த ஒன்றுதான் என்பதால் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கடிகாரத்தோடு மேலே போய், "ஏம்ப்பா, ஒரு மனுஷன் சாக நாலரை நிமிஷமா?" என்று கேட்டேன்.

தரையில் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே, "வில்லன் சார். மெதுவாத்தான் சாகணும்" என்றான்.

அன்று சாயங்காலம் செத்தவன் கீழே வந்தான், என்னைப் பார்க்க அல்ல. "அத்தை, விழுந்து விழுந்து பேன்ட் முட்டி கிழிஞ்சிடுச்சு. ஊசி நூல் இருக்குமா?" உங்கள் அக்காவின் தையல் மெஷின் அப்போது அட்டைப் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை, உங்கள் நகரத்துக்குப் போய்த்தான் பிரிப்பேன் என்று வைத்திருந்தாள். பிரித்தாள். முட்டியைத் தைத்ததோடு உள்ளே பஞ்சும் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் சாவு சத்தமில்லாமல் நடந்தது. அந்தப் புகழ் விடுதி வரைக்கும் பரவிவிட்டது. இப்போது ஜிப் போனவன், பொத்தான் போனவன், உடம்பு இளைத்தவன், உடம்பு பெருத்தவன் என்று வாசலில் வரிசை. வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை, உட்கார்ந்து அத்தையிடம் வீட்டுக் கதை, காதல் கதை, பரீட்சைக் கதை எல்லாம் சொல்கிறார்கள், அவளும் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "அப்புறம் அவ என்ன சொன்னா?" என்கிறாள். உட்காருகிற இடம் நமது சோபா. ஏழடியில் ஆறு பேர். நான் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், காற்று நன்றாக வருகிறது. எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கடிகாரம்'. "கடிகாரம், கொஞ்சம் காலை மடக்கிக்கங்க" என்றுதான் உள்ளே போகிறார்கள்.

இருந்தாலும் இதெல்லாம் நாடகம் முடியும்வரைதான். பையன்கள் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினால் தெரு அடங்கிவிடும், அதற்கான தேதிகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் அக்காவுக்கும் தம்பி பக்கத்தில் இல்லாத ஏக்கம் போகப் போகக் குறையும். நானே பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். ஆகையால் எதிர் ஃபிளாட்டைத் தயங்காமல் வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லவும். இது இறுதி முடிவு. மறுபரிசீலனைக்கு இடமில்லை.

குழந்தைகளின் படிப்பும், உங்கள் உத்தியோகமும், உங்கள் ஐந்தாம் மாடித் தண்ணீரும் தடையில்லாமல் வர மனமார வாழ்த்தும்,

அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்க்க இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. ஃபிளாட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் மேல்மாடியில் ஒத்திகைக்குத் தடை போட்டதால், "அதனால என்னப்பா, இங்க வந்து பண்ணுங்க" என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டாள்; சாவு இப்போது எங்கள் கூடத்தில் நடக்கிறது. போதாததற்கு நேற்றுக் கல்லூரி குமாஸ்தா வந்து, "போன வருஷத்து அங்கியெல்லாம் எலி கடிச்சிடுச்சு மேடம், பட்டமளிப்பு விழாவுக்கு நீங்கதான் தைச்சுக் குடுக்கணும்" என்று துணிக் கட்டுகளை இறக்கிவிட்டுப் போனார். நூற்றிருபது அங்கி. கட்டில் இருந்த அறையில் கட்டுகள் இருக்கின்றன, கட்டில் எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு அல்லவா. "கிளம்பு, உன் தம்பி ஊருக்கே போயிடலாம். நீ ஆசைப்பட்டதுதானே?" என்றேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "இப்பவா? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. நீங்க வேணா போங்க. பாவம் தம்பி, பக்கத்துல யாராவது இருந்தா அவனுக்கும் நல்லதுதானே." ஒரு படுக்கையறை போதுமானது. வியாழக்கிழமை காலை 6.40 பஸ்ஸில் ஓர் இருக்கை பதிவு செய்திருக்கிறது.