டெய்லர் மாட்டிய ஹெல்மெட்

தூத்துக்குடியில் அதிகம் பேருக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டவர் எந்தப் போலீஸ்காரரும் இல்லை, எங்கள் டெய்லர்தான். எல்லாம் கம்ப்யூட்டரில்.

முத்தையாபுரத்தில் ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகத் தொழிலாளர்கள் செல்போனில் பார்த்துப் படிக்கிற பாதுகாப்புப் பாடங்களைச் செய்துகொடுப்போம். பாடத்தில் வரும் பொம்மை மனிதர்கள் கோட்டு, டை, பூனைக்கண்ணோடு வெளிநாட்டில் இருந்து ரெடிமேடாக வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு நம்மூர் நிறம், சட்டை, மீசை எல்லாம் மாற்றுவது அவர் வேலை. அதனால் டெய்லர். கம்ப்யூட்டர்காரர் காதில் எதற்குப் பென்சில் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

பாடமும் அதில் வரும் கேள்வி பதிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்ப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன். இந்த நாற்காலி போனால் மறுபடி உப்பளம்தான் என்று தினமும் பயந்துகொண்டே அமுக்குவேன்.

டெய்லர் லேசில் ஒரு சட்டை மாட்டமாட்டார்.

“பை வைக்காம விட்டா பீடிய எங்க வைப்பான்?”

“பாதுகாப்புப் பாடத்துல பீடி எதுக்கு அண்ணே?” என்று பதறுவேன்.

“வச்சிருப்பான், பத்த வைக்கமாட்டான். அதாம்லே பாதுகாப்பு!”

முகங்களைத் தெருவில் இருந்து எடுப்பார். கீழே டீக்கடை அண்ணாச்சியை, எண்ணெயில் வழுக்கி விழுகிறவராக ஆக்கிவிட்டார். பாடம் படித்த கிரேன்காரர்கள் கடைக்கு வந்து, “அண்ணாச்சி, இடுப்பு இப்ப எப்படி இருக்கு?” என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு டீ நின்றது. அண்ணாச்சியே மாடியேறி வந்தார்.

“ஏலே, தெனமும் இஞ்சி தட்டிப் போட்டதுக்கு என்னைய வழுக்கி விடுதியோ?”

டெய்லர் அசரவில்லை. மவுஸை உருட்டி, விழுகிற அண்ணாச்சியின் தலையில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை மாட்டினார். “இனி எத்தன தடவ விழுந்தாலும் மண்ட உடையாது அண்ணாச்சி.”

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். “லேசா சரிஞ்சிருக்கு. நேரா வையி.”

டீ மறுபடி வந்தது.

என் நாற்காலிக்கே ஆபத்து வந்தது அதற்குப் பிறகுதான். உயரத்தில் ஏறி வேலை செய்யும் பாடத்துக்கு, பெல்ட்டை ஒழுங்காக மாட்டுகிற கதாநாயகன் வேண்டும். டெய்லர் செய்த ஆணழகனை, வேலை கொடுத்த கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி தள்ளிவிட்டார்.

“இவன் மூஞ்சில பயமே இல்லையே. பயமில்லாதவன் எதுக்கு பெல்ட் மாட்டுவான்? நாளைக்குச் சரியா வரலன்னா சென்னையில குடுத்துக்கிடுதோம்.”

அந்த வேலை கைவிட்டுப் போனால் அலுவலகத்தையே பூட்ட வேண்டியதுதான் என்றார் முதலாளி. எனக்குச் சோறு இறங்கவில்லை. டெய்லரோ கம்ப்யூட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் திரையில், ஏணி உச்சியில் நான்! சுருங்கிய நெற்றி, வியர்த்த மூக்கு. மாட்டிய பெல்ட் கொக்கியைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். “இவன் மாட்டுவான்யா!”

பாடம் தேறியது. நாற்காலியும் தப்பியது.

“என்னைய எதுக்குண்ணே போட்டீங்க?”

“கேஸ அணைச்சமான்னு பாக்க பாதி வழியில வீட்டுக்குத் திரும்புத ஆளு நீ. உன்னைய விட்டா வேற யாருலே?”

டெய்லர் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். பாடம் இன்னும் ஓடுகிறது. அன்றைக்கு என்னையே பார்த்த வெட்கத்தில் நான் ஏணிக்குக் கீழே பார்க்கவில்லை. வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். அங்கே ஒருவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மஞ்சள் ஹெல்மெட். காதில் பென்சில்.

சரியான விடை, தப்பான விடை எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டேன். அந்த மனிதர் ஏணியை விடுவதே இல்லை.